ஊர்காண் இலக்கணம்

பாயிரம்

யானையைப் பழக்க நூல் உண்டு. பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்குப் பஞ்சாங்கத்தில் தனிப் பக்கமே உண்டு. ஆனால் மே மாதத்தில் நாலு பெரியவர், மூன்று பிள்ளைகள், ஒரு கட்டைப் பை சகிதம் சென்னைப் பட்டணத்தை நடந்து சுற்றிப் பார்ப்பதற்கு நம்மிடம் ஒரு நூலும் இல்லை. சுற்றுலாக் கையேடுகளில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் கிடைக்கிறது. பார்க்கப் போகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அக்குறை நீக்க எழுந்தது இந்நூல்.

சிறப்புப் பாயிரம் எட்டுப் பொருளைச் சொல்ல வேண்டும் என்பது நன்னூல் விதி. எட்டையும் சொல்லி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். மூன்று போதும். எல்லை: வடக்கே சென்ட்ரல் ஸ்டேஷன், தெற்கே வண்டலூர், கிழக்கே கடல், மேற்கே யார் முதலில் "கால் வலிக்கு" என்கிறாரோ அவர் நிற்கும் இடம். கேட்போர்: நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூரில் வந்து இறங்கும் குடும்பத்தார், மற்றும் அவர்களுக்குப் பாய் விரித்துச் சோறு போடும் சென்னை உறவினர். (ஆசிரியன் திருவல்லிக்கேணிவாசி, இரண்டாம் வகையைச் சேர்ந்தவன்.) பயன்: சாயங்காலம் வீடு திரும்பும்போது ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு திரும்புதல்.

இத்துறையில் முன்னோர் ஒருவர் உண்டு. சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை என்றே ஒரு காதை இருக்கிறது. கோவலன் கண்ணகியை மதுரைக்கு வெளியே புறஞ்சேரியில் கவுந்தியடிகள் பொறுப்பில் விட்டுவிட்டு, தான் மட்டும் நகருக்குள் போய் மணிக்கடை, பொன்கடை, கூலக்கடை, இன்னும் சொல்லத் தகாத வீதிகள் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். குடும்பத்தைக் கழற்றிவிட்டால் ஒரே நாளில் ஊர் முழுக்கப் பார்க்கலாம் என்பது இக்காதையால் பெறப்படும். ஆனால் புகாரிலிருந்து நடந்தே வந்த பெண்ணுக்கு மதுரையில் ஒரு வளையல் கடைகூடக் காட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பிற்பாடு அவள் தானாகவே ஊருக்குள் நுழைந்தபோது என்ன ஆயிற்று என்பது நாடறிந்தது. ஆகவே இந்நூல் அனைவரையும் அழைத்துச் செல்லும் முறையையே கூறுகிறது.

நடப்போர் இயல்

மாமா, அத்தை, மதினி என்று உறவால் பிரிப்பது இத்துறையில் பயன்படாது. வயதாலும் பிரிக்க முடியாது. தெருவில் இறங்கியதும் குடும்பம் தானாக ஒரு வரிசையில் அமைகிறது; அந்த வரிசையில் எங்கே வருகிறார் என்பதே ஒருவருடைய இனத்தைத் தீர்மானிக்கும்.

முதலில் வருபவர் முன்னடையார். பெரும்பாலும் இவர் அத்தான் முறை. கையில் செல்போன், செல்போனில் மேப். மற்றவர்களுக்கு இருபது தப்படி முன்னால் போவார். திரும்பிப் பார்க்க மாட்டார். சென்னையில் கழித்த விடுமுறையை நினைத்துப் பார்க்கும்போது இவருடைய பிள்ளைகளுக்கு முதலில் நினைவு வருவது வியர்வையில் நனைந்த ஒரு சட்டை முதுகு. இவர் விலாசங்களின் மனிதர். உழைப்பாளர் சிலைக்கு முன்னால் நிற்கும்போது மனதளவில் விவேகானந்தர் இல்லத்துக்குப் போய்விட்டிருப்பார். அங்கே போய்ச் சேர்ந்ததும் கலங்கரை விளக்கத்துக்கு எந்த வழி என்று மேப்பில் விரலால் தேய்த்துக்கொண்டிருப்பார். எல்லா இடத்துக்கும் போனவர் இவர்தான். எதையும் பார்க்காதவரும் இவர்தான். ஊர் திரும்பியபின் "எல்லாம் பார்த்தாச்சு" என்று சொல்பவரும் இவரே என்க.

அடுத்தவர் பையுடையார். இவரே குடும்பத்தின் நடு. கட்டைப் பையில் புளியோதரை, துண்டு, சின்னவனுக்கு மாற்றுச் சட்டை, மாமாவின் சுகர் மாத்திரை, பழைய செய்தித்தாள், இரண்டு லிட்டர் தண்ணீர். முன்னடையார் எவ்வளவு வேகமாக நடந்தாலும் பையிலிருந்து ஓர் அளவுக்கு மேல் விலக முடியாது. தாகம் எடுக்கும், நிற்பார். ஆகவே குடும்பத்தின் வேகம் என்பது பையின் வேகம். மேப் இதை அறியாது. நிமிடக் கணக்குச் சொல்லும்போது அது வெறுங்கையோடு தனியாக நடக்கும் ஒருவரை மனதில் வைத்துச் சொல்கிறது.

பையுடையாரைப் பற்றி இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு லிட்டர் தண்ணீரை எல்லாரும் குடிப்பார்கள், சுமக்கிற மதினி குடிக்க மாட்டார். கேட்டால் "எனக்குத் தாகமே இல்லை" என்பார். காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர், நம்பிப் போகக்கூடிய ஒரு கழிப்பறை எங்கே வரும் என்று தெரியாததால், மே மாத வெயிலில் மதியம் மூன்று வரைக்கும் தொண்டையை நனைக்காமல் நடக்கிறார். ஊர் பார்க்கக் கிளம்பும் பெண்களில் பாதிப்பேர் இப்படித்தான் பார்க்கிறார்கள். வழித்தடத்தை முன்னடையார் போடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதைப் போட்டுக்கொடுப்பது எந்த ஓட்டலில் உட்கார்ந்து காபி குடித்தால் உள்ளே கழிப்பறை இருக்கும் என்ற பையுடையாரின் கணக்கு. இந்தக் கணக்கை அவர் யாருக்கும் சொல்வதில்லை.

சிறார்க்கு இரண்டே நிலை: ஓடுதல், தரையில் உட்கார்ந்துவிடுதல். இடைப்பட்ட நிலையாகிய நடத்தல் இவர்களிடம் காணப்படவில்லை. இரண்டாம் நிலையை அடைந்த சிறுவனைப் பெயர்ப்பது பற்றி அறிய விரும்புவோர் மெரினாவில் உழைப்பாளர் சிலையைக் காண்க. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959இல் நிறுவப்பட்டது. நாலு பேர் உடம்பை முழுக்கச் சாய்த்து ஒரு பாறையைப் புரட்டப் பார்க்கிறார்கள். அன்றிலிருந்து இன்றுவரை பாறை ஓர் அங்குலம் நகரவில்லை. ஐஸ் வாங்கித் தருவதாக யாரும் அதனிடம் சொல்லிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பதின்வயதினர் ஒரு வகை. குடும்பத்தோடு வருகிறார், ஆனால் குடும்பத்தோடு வரவில்லை என்று சாலை முழுக்கத் தெரியும்படி எதிர் ஓரத்தில் நடக்கிறார். இவ்வளவே.

கடைசியில் வருபவர் இருக்கையார், அதாவது ஆச்சி. உட்கார இடம் கண்டால் உட்காருவார். பெஞ்சு, கைப்பிடிச்சுவர், கடை வாசல்படி, மூடிக்கிடக்கும் வங்கியின் படிக்கட்டு எல்லாம் இவர்க்கு இருக்கையே. "நீங்க போயிட்டு வாங்கடே, நான் இங்கன இருக்கேன்" என்பது இவர் மொழி. குடும்பம் அரை மணி கழித்து வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வரும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள், மூத்தவள் எங்கே வாக்கப்பட்டிருக்கிறாள், மழைக்காலத்தில் அந்தத் தெருவில் எந்தப் படி வரைக்கும் தண்ணீர் வரும் என்பதெல்லாம் ஆச்சிக்குத் தெரிந்திருக்கும். இதைக் கருதியே ஆசிரியன் இந்நூலின் நடுக்கொள்கையை வகுத்தான்: குடும்பம் நடக்கும்போது ஒன்றையும் பார்ப்பதில்லை, நிற்கும்போதுதான் பார்க்கிறது. ஆகவே ஆராயத்தக்கது நடத்தல் அன்று, நிற்றலே.

அளவை இயல்

அதற்குமுன் தூரத்தைச் சிறிது சொல்வோம். முன்னடையார் கையாளும் அளவை ஒன்று: "இந்தா வந்துட்டு." இது நூறு மீட்டர் முதல் மூன்று கிலோமீட்டர் வரை எதையும் குறிக்கும். ஒரே இடத்துக்கு மூன்று முறை சொல்லப்பட்டால் அது வரவே வராது, வழி தப்பிவிட்டது என்று கொள்க.

வழி தப்பியவரை ஆற்றுப்படுத்துவது தமிழரின் பழந்தொழில். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பி வருகிற பாணன், எதிரே வறுமையோடு வருகிற பாணனுக்கு மலை எது, ஆறு எது, வழியில் யார் சோறு போடுவார்கள் என்றெல்லாம் விரிவாகச் சொல்வான். சென்னை ஆற்றுப்படை சுருக்கமானது. "ஸ்ட்ரெய்ட்டா போய் லெஃப்ட்ல கட் பண்ணுங்க." எவ்வளவு தூரம் ஸ்ட்ரெய்ட், எந்த லெஃப்ட் என்பன தொக்கி நிற்கும். "நடந்தா போறீங்க?" என்று கேட்டுவிட்டு நம்மை மேலும் கீழும் பார்ப்பவர் மட்டுமே தூரத்தைச் சரியாக அறிந்தவர். அவர் சொன்னால் ஆட்டோ பிடிக்கலாம்.

நிற்றல் இயல்

நிற்றல் பல வகைப்படும். அவற்றுள் அண்ணாந்து நிற்றல் இன்று வழக்கொழிந்தது. அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் 1959இல் திறக்கப்பட்டபோது அதுவே இந்தியாவில் மிக உயரமானது. ஊரிலிருந்து வந்தவர்கள் எதிர்ப் பக்க நடைபாதையில் நின்று கழுத்து வலிக்க மாடிகளை எண்ணுவார்கள். "பதினாலு மாடி" என்பதே அதற்குப் பெயராயிற்று. எங்கள் பெரியப்பா ஒவ்வொரு தடவையும் எண்ணினார், ஒவ்வொரு தடவையும் வேறு விடை வந்தது, ஒவ்வொரு தடவையும் திருப்தியோடு திரும்பினார். இப்போது நெல்லையிலேயே அடுக்குமாடி வந்துவிட்டது. யாரும் அண்ணாந்து நிற்பதில்லை.

சிலைமுன் நிற்றல் மெரினாவுக்கு உரியது. உழைப்பாளர் சிலையிலிருந்து காந்தி சிலை வரை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு இது நெய்தல் நிலம். காற்று, நுரை, மீன்பிடிப் படகு, எல்லாம் இலக்கணப்படி இருக்கும். காலை பதினோரு மணிக்குப் பாலை. இடம் நெய்தலும் பொழுது பாலையின் நண்பகலுமாக மயங்கி வருவதால் இதைத் திணைமயக்கம் எனலாம். மாமாவுக்கு வந்தது வெறும் மயக்கம், அவரை உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. சாலையிலிருந்து அலை வரைக்கும் மணல் மட்டும் சராசரி 300 மீட்டர். செருப்பைக் கழற்றினால் சுடும், போட்டால் புதையும். 1880களில் இங்கே உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்ட ஆளுநர் கிராண்ட் டஃப் மாலை உலாவையே கருதியிருக்க வேண்டும். முன்னடையார்க்கு ஆளுநரின் கருத்து தெரியாது. காலையில் வண்டலூர் முடித்து மாலையில் தி.நகர் என்று போட்டால் நடுவில் பீச்சுக்கு மதியம்தான் கிடைக்கிறது.

இந்தச் சாலையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகள் வரிசையாக நிற்கின்றன. முன்னடையார் இவற்றை மைல்கல் போல எண்ணிக்கொண்டு போவார். ஒருமுறை ஆச்சி கால்டுவெல் சிலைக்கு முன்னால் நின்றுவிட்டார். நின்றது கால் கடுத்ததால்தான். பீடத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியவர், பேரன் எழுத்துக்கூட்டிப் பெயரைப் படித்ததும் நிமிர்ந்தார். "இவரு நம்ம இடையங்குடிக்காரருல்லா! எங்க அம்ம பிறந்த ஊருக்குப் பக்கம்." அயர்லாந்தில் பிறந்து, இடையன்குடியில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு வாழ்ந்து, அங்கே கட்டிய தேவாலயத்திலேயே புதைக்கப்பட்ட ராபர்ட் கால்டுவெல்லை, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்த பேரனுக்கு அவர் பனங்காட்டில் நடந்து திரிந்த பக்கத்து ஊர்க்காரர் என்பது அன்றுதான் தெரிந்தது. அந்தப் பனங்காட்டு மண், கிணறு, மணியோசை எல்லாவற்றையும் ஆச்சி அங்கேயே நின்று சொன்னார். இருபது நிமிடம் ஆயிற்று. முன்னடையார் தூரத்தில் நின்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். அன்றைய பட்டியலில் இருந்த ஏழு இடங்களில் எது நினைவிருக்கிறது என்று அந்தப் பையனை இப்போது கேட்டாலும் அந்தப் பீடத்தைத்தான் சொல்கிறான். பட்டியலில் அது இல்லை.

கண்ணகி சிலைமுன் நிற்பவர் பெரும்பாலும் பையுடையார். ஏன் என்று ஆராயத் தேவையில்லை. காந்தி சிலையும் ராய் சௌத்ரி செய்ததே. கோலூன்றி நடக்கும் தோற்றத்தில் இருக்கிறார். நல்ல வேக நடை. குடும்பம் உடன் வரவில்லை என்பதும் காண்க.

நிழலுக்கு நிற்றல் ஒன்று. விவேகானந்தர் இல்லத்துக்குப் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டியது. விவேகானந்தர் 1897இல் வந்து தங்கியது அப்புறம். இங்கே பனிக்கட்டி இருந்தது என்று சொன்னால் சிறார் உடனே உள்ளே ஓடுவார்கள். இன்று இல்லை என்பதை வாசலைத் தாண்டிய பிறகு சொல்லலாம்.

அறைக்குள் நிற்றல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிகழ்வது. 1851இல் தொடங்கிய இதற்குச் சென்னை மக்கள் வைத்த பெயர் செத்த காலேஜ். விலங்குக் காட்சிசாலைக்கு உயிர் காலேஜ். முன்பு இரண்டும் ஒரே வளாகத்தில்தான் இருந்தன. 1855இல் அருங்காட்சியகத்தின் உள்ளேயே விலங்குகளை வைத்தார்கள். பிறகு உயிர் காலேஜ் சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அப்போதும் இதிலிருந்து அதற்கு அரை மணி நடைதான். போகிற வழியில் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமும் பொம்மையும் வாங்கலாம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டில் உயிர் காலேஜ் வண்டலூருக்குக் குடிபோனது. நடந்து பட்டணம் பார்ப்பது ஒழுங்காக நடந்த காலம் அந்த ஆண்டோடு முடிந்தது என்பது ஆசிரியன் துணிபு. நம் பாட்டன்மார் பார்த்த பட்டணம் ஒரு நாள் நடைக்குள் அடங்கியது. அதே பட்டியலை இன்றும் கையில் வைத்துக்கொண்டு, நடுவில் முப்பது கிலோமீட்டர் முளைத்துவிட்டதை மறந்துவிட்டு, அதே ஒரு நாளில் முடிக்கப் பார்க்கிறோம். வழியில் வருகிற சண்டைகளில் முக்கால்வாசி இதனால்தான்.

அருங்காட்சியகத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு முன்னால் எல்லாருமே நிற்பார்கள், முன்னடையார் உட்பட. செப்புத் திருமேனிக் கூடத்தில் நடராசரைக் கண்டதும் ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். காவலர் ஒன்றும் சொல்வதில்லை. அவருக்குப் பழக்கம்.

வண்டலூர் 602 ஹெக்டேர். அங்கே நுழைகிற குடும்பம் அரை மணிக்குள் மூன்றாகப் பிரிவது இயல்பு. மதியத்தில் புலி நிழலில் படுத்திருக்கும், மான் மரத்தடியில் ஒதுங்கியிருக்கும், யானை தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும். தொப்பி இல்லாமல் வெயிலில் நடந்துகொண்டே இருக்கும் விலங்கு வேலிக்கு இந்தப் பக்கம் மட்டுமே உண்டு. பேட்டரி வண்டி இருக்கிறது. அதில் ஏறுவது இந்நூலுக்கு உடன்பாடே.

ரங்கநாதன் தெருவில் நிகழ்வது இந்நூலில் அடங்காது. அங்கே யாரும் நடப்பதில்லை, நிற்பதும் இல்லை. மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் உள்ளே நுழைந்தால் உஸ்மான் சாலைப் பக்கம் வெளியே வருகிறோம். அதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

வாங்க நிற்றலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய்ப் பொடி தூவிய மாங்காய்க் கீற்று, பஞ்சுமிட்டாய். "கண்டதையும் தின்னாதே" என்று தடுப்பவரே கடைசிப் பொட்டலத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பவர். இதற்கு விதிவிலக்கு காணப்படவில்லை.

சண்டையிட்டு நிற்றல் மதியம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில், இரண்டு ஓட்டல்களுக்கு நடுவே நிகழும். தீர்வு: முதலில் கண்ணில் பட்ட ஓட்டலுக்குள் நுழைந்துவிடுதல். புளியோதரை இருக்கிறதே என்று பையுடையார் சொல்வார். அதை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம், கெடாது.

ஒழிபியல்

மேற்கூறியவற்றுள் அடங்காதவை இங்கே தொகுக்கப்படுகின்றன. புதுச் செருப்பு வேண்டாம். கலங்கரை விளக்கத்துக்கு லிஃப்ட் உண்டு. ஏறமாட்டேன் என்று ஆச்சி சொல்லும்முன் இதைச் சொல்லிவிடவும். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவது இடத்தைத் தபால் அட்டையில் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு நல்ல கழிப்பறை உள்ள இடத்தில், யாரும் கேட்பதற்கு முன்பே, அரை மணி உட்காரவும். காபியை முன்னடையாரே வாங்கி வரட்டும்.

இறுதியாகப் பூட்டிய கதவின்முன் நிற்றல். எல்லா நிற்றலிலும் நீளமானது இது. எல்லாரும் ஒருசேர முன்னடையாரைப் பார்ப்பது இந்த ஒரு சமயத்தில்தான். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூருக்கு வழக்கமான வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. முன்னடையாரிடம் சொன்னால் "அதெல்லாம் திறந்திருக்கும்" என்பார். ஆகவே இதைப் படிக்கும் சென்னை உறவினர், எழும்பூர் ரயிலடியில் வைத்தே, கட்டைப் பை யார் கையில் இருக்கிறதோ அவரிடம் சொல்லிவிடவும்.